இரண்டு நெற்றிகளும் ஒரு மட்டைப் பொட்டும்

என்னிடம் இல்லாத ஒரு நல்ல குணத்துக்காக இருபது வருடத்துக்கு மேல் பாராட்டு வாங்கியிருக்கிறேன். அந்தக் குணத்தின் பெயர் அடக்கம்.

டென்மார்க்கின் ஹேர்னிங்கில் எந்தத் தமிழ் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும் யாராவது ஒரு அன்ரி அம்மாவிடம் சொல்வார்: "உங்கட பிள்ளையைப் பாக்க ஆசையாக் கிடக்கு. இஞ்ச பிறந்து வளந்த பிள்ளையள் மாதிரி இல்லை. நிமிந்து ஒரு ஆளைப் பாக்காது." அம்மா பூரித்துப்போவார். அதே வாரம் பள்ளிக்கூடத்தில் டெனிஷ் ஆசிரியை அம்மாவை இருத்தி வைத்து, "உங்கள் மகள் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, எங்களுக்குக் கவலையாக இருக்கிறது" என்பார். ஒரே குனிந்த தலைக்கு ஒரு பக்கம் பரிசு, மற்றப் பக்கம் விசாரணை. அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு அன்ரிமார் கட்சியில் சேர்ந்துவிட்டார். (அந்தக் கட்சியில் சாப்பாடும் நல்லது.)

உண்மை என்னவென்றால், ஒருவருடைய கண்ணைப் பார்த்தால் எனக்குக் காது வேலை செய்யாது. இரண்டில் ஒன்றுதான். அன்ரிமாரோடு கதைக்க வேண்டி வந்தால் அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். அவர்களுடைய பொட்டைப் பார்ப்பேன். பொட்டு சிமிட்டாது, முழிசாது, நான் என்ன நினைக்கிறேன் என்று தேடாது. பொட்டைப் பார்த்துக் கதைத்தால் கண்ணைப் பார்த்துக் கதைப்பது போலவே இருக்கும். டெனிஷ்காரருக்குப் பொட்டு இல்லாதது அவர்களுடைய குறை. புள்ளி குறைந்தது எனக்கு.

ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படிக்கும்போது நானே போய்ப் பரிசோதித்துக்கொண்டேன். ஓட்டிசம் என்று வைத்தியரின் கடிதம் வந்தது. (தமிழ்நாட்டில் ஆட்டிசம் என்பார்கள்.) எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அம்மா அதை இரண்டு தரம் வாசித்து, மடித்து, பாஸ்போட்டுகள் இருக்கும் மேசை லாச்சிக்குள் வைத்தார்.

"ஆருக்கும் சொல்லாதை, பிள்ளை."

"ஏன் அம்மா?"

"ஏனெண்டு கேக்காதை. நாளைக்கு ஒரு நல்லது கெட்டது எண்டு வரேக்கை, ஊர்ச்சனம் இதைத்தான் முன்னுக்கு எடுத்து வைக்கும்."

அப்பா எழுந்து லாச்சியைத் தள்ளி மூடினார். அவர் முப்பது வருடமாகத் தொழிற்சாலை வேலை. இரைச்சலுக்குள் நின்று நின்று, தேவையில்லாத இடத்தில் கதைக்காமல் இருக்கப் பழகியவர்.

படிப்பு முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் வேலை கிடைக்கவில்லை. விண்ணப்பம் அனுப்பினால் கூப்பிடுவார்கள். புள்ளிகள் நல்ல புள்ளிகள். நேர்முகத்துக்குப் போய் அமர்ந்தால் முடிந்தது கதை. பதினொரு இடத்திலிருந்து ஏறக்குறைய ஒரே பதில் வந்தது: "நீ திறமைசாலி, ஆனால் எங்கள் குழுவோடு ஒட்டுவாயா என்று தெரியவில்லை." வேலைவாய்ப்பு அலுவலகத்தில் என்னைப் பார்த்துக்கொண்ட பெண், "நீ நீயாகவே இரு" என்று ஆலோசனை சொன்னார். பதினொரு இடத்திலும் அதைத்தான் செய்தேன் என்று சொன்னேன். அவர் கணினியில் ஏதோ எழுதினார்.

அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தன்னுடைய தொழிற்சாலையில் போர்மனோடு கதைத்தார். அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து பொதி கட்டும் பகுதியில் எனக்கு ஓர் இடம் இருந்தது. அன்பினால்தான் செய்தார். ஆனால் அந்த இடத்தில் மூன்று இயந்திரங்கள் ஒன்றையொன்று வெல்லப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும். ஒருமுறை அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது இரண்டு நிமிடத்தில் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, மிதிவண்டி நிறுத்தும் இடத்தில் குந்தியிருந்து அழுதவள் நான். சாப்பாட்டையும் கொடுக்கவில்லை. இனி எட்டு மணி நேரம் அங்கே நிற்க வேண்டும்.

அந்த முதலாம் திகதிக்கு இரண்டு கிழமை இருக்கும்போதுதான் ஹோர்சன்ஸ் நகரத்திலிருந்து பன்னிரண்டாவது அழைப்பு வந்தது. கட்டடங்களுக்குக் காற்றுக்குழாய் விற்கும் ஒரு நிறுவனம். உதிரிப்பாகப் பட்டியலைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. அழைப்பின் அடியில் ஒரு கேள்வி இருந்தது: "துணைக்கு ஒருவரை அழைத்து வர விருப்பமா?" இந்த நாட்டில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. அலுவலகச் சந்திப்புகளுக்குப் பக்கத்தில் இருக்க ஒருவரைக் கூட்டிப் போகலாம். கேள்வி கேட்டால் உண்மையான பதில் எழுத வேண்டும் என்பது என் கொள்கை. ஓம் என்று எழுதினேன்.

"நான் வாறன்" என்றார் அம்மா, நான் வசனத்தை முடிக்க முதலே.

அம்மா என்னைத் தாங்கிப் பிடிக்க வருகிறார் என்று நினைத்தேன். அவர் வந்தது காவலுக்கு. என் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வெளியே வந்துவிடாமல் பார்க்க.

அன்று காலை அப்பா கோட் போட்டு, கழுத்தில் ரை கட்டி, கார் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றார். (அவர் உள்ளே வருவதாகவே இல்லை. கார் ஓட்ட மட்டும்தான்.) அம்மா பின்சீற்றில் ஒரு ரின் நிறையக் காலையில் பொரித்த ரோல்ஸ் வைத்தார்.

"அம்மா, வேலைக்குக் கேக்கப் போற இடத்துக்கு ரோல்ஸ் கொண்டு போறேல்லை. லஞ்சம் எண்டு நினைப்பினம்."

"வெறுங்கையோட ஒரு இடத்துக்குப் போறதோ? காருக்குள்ள கிடக்கட்டும்."

வழி முழுக்க அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பயிற்சி கொடுத்தார். "மூண்டு செக்கன் கண்ணைப் பார். பிறகு விடு. திரும்ப மூண்டு செக்கன். பொத்தான் அமத்திற மாதிரித்தான், பெரிய வேலையில்லை." அம்மா முன்சீற்றிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "அந்தச் சொல்லை மட்டும் வாயால விட்டிடாதை. முதல் எடுக்கட்டும். எடுத்தாப் பிறகு பாப்பம்."

பொம்பிளை பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் ஒரு வீட்டில் எப்படிக் கதைப்பார்களோ, அப்படித்தான் எங்கள் காருக்குள் கதைத்தார்கள். ஒரு வித்தியாசம், இங்கே பலகாரத்தோடு நாங்களே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

உள்ளே இரண்டு பேர். கியர்ஸ்டன் என்ற மேலாளர், அறுபதை நெருங்கும் பெண். பக்கத்தில் யென்ஸ், பட்டியல் பகுதிக்குப் பொறுப்பான மனிதர், நாற்பது இருக்கும். "கோப்பி?" என்றார் கியர்ஸ்டன். "வேண்டாம்" என்றார் அம்மா. எங்கள் வழக்கப்படி இரண்டாம் தரமும் கேட்பார்கள், அப்போதும் வேண்டாம் என்பது, மூன்றாம் தரம் எடுப்பது. கியர்ஸ்டன் ஒரு தரம்தான் கேட்டார். (முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்தும் அம்மா இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் ஏமாறுவார்.)

"உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்" என்றார் கியர்ஸ்டன். (டெனிஷில் எல்லாருக்கும் எல்லாரும் நீதான். அம்மா இதையும் இன்னும் மன்னிக்கவில்லை.)

"கொஞ்சம் என்றால் எத்தனை நிமிடம்?"

கியர்ஸ்டன் சிரித்து, "ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளேன்" என்றார். நான் கைபேசியில் ஐந்து நிமிடத்துக்கு அலாரம் போட்டு மேசையில் வைத்தேன். பிறந்ததிலிருந்து தொடங்கினேன். உயர்தரப் பள்ளியில் இரண்டாம் வருடத்துக்கு வந்தபோது மணி அடித்தது. வசனத்தின் நடுவில் நிறுத்திவிட்டேன். கியர்ஸ்டன் என் கைபேசியைப் பார்த்தார். நேரத்தைச் சரியாகப் பிடித்ததில் எனக்குத் திருப்தி.

பிறகு அவர்கள் கேள்வி கேட்டார்கள். நான் அப்பா சொன்னபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று கண்ணைப் பார்த்து எண்ணினேன். எண்ணும்போது கேள்வி காதில் விழவில்லை. "திரும்பச் சொல்ல முடியுமா?" என்றேன். திரும்பச் சொன்னார்கள். திரும்ப எண்ணினேன். நான்காவது தரம் களைத்துப்போய் எண்ணுவதை விட்டுவிட்டுச் சுவரில் சுருட்டி மாட்டியிருந்த தீயணைப்புக் குழாயைப் பார்த்தேன். சிவப்பு, வட்டம், அசையவில்லை. அதைப் பார்த்து ஒரு கேள்விக்கு நல்ல பதில் சொன்னேன். ஆனால் குழாய்க்குத்தான் சொன்னேன்.

யென்ஸ் பேனையைக் கீழே வைத்தார். "நேராகவே கேட்கிறேன். உனக்கு இந்த வேலையில் விருப்பம் இருக்கிறதா? எங்களைப் பார்க்கவே விருப்பமில்லாத ஆளாகத் தெரிகிறாய். அது கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் படுகிறது."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். சொல்ல ஒரு காரணம் இருந்தது, அதைச் சொல்ல மாட்டேன் என்று காரில் ஒத்துக்கொண்டிருந்தேன். முதலாம் திகதியும் மூன்று இயந்திரங்களும் கண்ணுக்கு முன்னால் வந்தன. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பக்கத்தில் அம்மாவின் கதிரை கிரீச்சிட்டது.

அம்மா எதையும் தாங்குவார். வேலை இல்லாத பிள்ளை, கலியாணம் பேசாத பிள்ளை, எல்லாம். மரியாதை தெரியாத பிள்ளை என்பதை மட்டும் தாங்கமாட்டார். எழுந்து நின்றார்.

"என் மகளுக்கு ஓட்டிசம்" என்றார் டெனிஷில். "மரியாதை தெரியாத பிள்ளை இல்லை."

லாச்சிக்குள் பூட்டிவைத்த சொல்லை அவரே எடுத்து மேசையில் போட்டுவிட்டார். நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். பொட்டைத்தான்.

"கண்ணைப் பாத்தா இவளுக்குக் கேக்காது. பொட்டைப் பாத்தாக் கேக்கும். நாலு வயசிலயிருந்து எனக்குத் தெரியும். நான் வேலையால வந்து முதல் பொட்டை ஒட்டிப்போட்டுத்தான் இவளோட கதைக்கிறனான்." அதையும் டெனிஷிலேயே சொல்லிக்கொண்டு கைப்பையைத் திறந்தார். "ஒரு நிமிசம்."

அம்மா வேலை செய்வது முதியோர் இல்லத்தில். அங்கே நகை, பொட்டு எதுவும் கூடாது. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முதல் கண்ணாடியில் பொட்டு ஒட்டுவார். அது அவருடைய பழக்கம் என்றுதான் இருபது வருடமாக நினைத்திருந்தேன்.

ஆனால் அதற்காக உருக எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அம்மா ஒட்டுப்பொட்டு மட்டையோடு மேசையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார். வயோதிபர்களுக்கு மருந்து கொடுக்கும்போது அம்மாவுக்கு ஒரு குரல் வரும். இனிமையானது, மெதுவானது, மறுக்க முடியாதது. அந்தக் குரல் இப்போது டெனிஷில் வந்தது.

"இப்ப நாங்கள் கொஞ்சம் நிமிந்து இருப்பமா? நல்லது. தலைமயிரைக் கொஞ்சம் ஒதுக்குவம். அசையக்கூடாது. முடிஞ்சுது, முடிஞ்சுது. கெட்டிக்காரி."

கியர்ஸ்டனின் நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டு. யென்ஸ் வாயைத் திறந்தார், குரலைக் கேட்டார், மூடினார். அவருக்குக் கறுப்பு. அவருடைய நெற்றியில் மூன்று சுருக்கம் இருந்ததால் அம்மா இரண்டு தரம் அழுத்த வேண்டியிருந்தது. பிறகு வந்து தன் இடத்தில் இருந்து, கைப்பையை மடியில் வைத்து, "இனிக் கேளுங்கோ" என்றார்.

எனக்கு நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. ஆனாலும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த அறையில் முதல் தடவையாக எனக்கு எல்லாம் கேட்டது.

கியர்ஸ்டன் மெதுவாக, "எங்கள் உதிரிப்பாகப் பட்டியலைப் பார்த்தாயா?" என்றார். சிவப்பைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினேன். இணையத்தில் இருந்த முழுப் பட்டியலையும் வாசித்திருந்தேன். குழாயைப் பிடிக்கும் ஒரே கவ்வி நான்கு பெயரில் இருக்கிறது. அதில் இரண்டு பெயருக்கு அளவு பிழை. வாங்குகிறவர் ஒன்றைக் கேட்டால் இன்னொன்று போகும். இப்படி எத்தனை, எங்கே, எப்படித் திருத்தலாம். எனக்கு இனித்தது. நடுவில் கறுப்புக்கும் பார்வை கொடுத்தேன், யாரையும் தவறவிடக்கூடாது என்று.

"இந்தப் பட்டியலைச் செய்தவர் பாதி நித்திரையில் செய்திருக்க வேண்டும்" என்று முடித்தேன்.

"அது நான்தான்" என்றது கறுப்புப் பொட்டு.

"அப்படியென்றால் நீயே சொல்லலாமே. நித்திரையா?" உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டேன்.

அம்மா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். மற்றவர்களுக்கு விளங்காத மொழியில் அவர்கள் முன்னால் கதைப்பது மரியாதை இல்லை என்பதால் டெனிஷிலேயே கேட்டேன்: "அம்மா, ஏன் என் காலை மிதிக்கிறீர்கள்?"

டெனிஷ்காரர் ஒரு மௌனத்தை மற்றவர்களைவிட நீளமாகத் தாங்குவார்கள். இது அவர்களுக்கும் நீளம். கடைசியில் யென்ஸ் சொன்னார்: "அந்த வருடம் எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். பாதி நித்திரைகூடக் கிடைக்கவில்லை."

கியர்ஸ்டன் எழுந்து, குழாய்கள் அடுக்கிய களஞ்சியத்தைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றார். இந்த நாட்டில் வந்தவருக்கு இடத்தைச் சுற்றிக் காட்டாமல் அனுப்பமாட்டார்கள். நான்கு பேரும் நடந்தோம். இரண்டு பேருக்கும் பொட்டு நெற்றியில் இருப்பது மறந்துபோயிற்று. எனக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை, எனக்கு வசதியாக இருந்தது. வழியில் கண்ட வேலையாட்கள் எல்லாரும் "ஹாய்" என்றார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. டென்மார்க்கில் ஒருவர் தலையில் கோழி இருந்தாலும் அது அவருடைய சொந்த விஷயம்.

ஒருவர் மட்டும் பாரந்தூக்கி வண்டியைச் சடாரென்று நிறுத்தினார். சேவியர் அண்ணை. மன்னார்க்காரர், ஹேர்னிங்கில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவர் இங்கே வேலை செய்வது அம்மாவுக்குத் தெரியாது. அவர் முதலில் கியர்ஸ்டனின் நெற்றியைப் பார்த்தார். பிறகு யென்ஸின் நெற்றியை. பிறகு அம்மாவை. அம்மா நிலத்தைப் பார்த்தார். அடக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் கண்டேன்.

வாசலில் அப்பா காரில் சாய்ந்து நின்றார். எங்களை வழியனுப்ப வந்த இரண்டு பேரையும் கண்டதும் ரையைச் சரிசெய்து, கையிலிருந்த ரோல்ஸை முதுகுக்குப் பின்னால் மறைத்து, டெனிஷில் வணக்கம் சொன்னார். அவர்கள் உள்ளே போனதும் அம்மாவிடம் கேட்டார்: "என்னப்பா, உள்ளுக்கை பூசையோ?"

அம்மா என்னோடு பின்சீற்றில் ஏறினார். பாதி வழியில் அழத் தொடங்கினார். "நான் சொல்லாதை சொல்லாதை எண்டு போட்டு, நானே சொல்லிப்போட்டன். வேலையும் போச்சு. சேவியர் வேற கண்டிட்டான்." அப்பா ரின்னைப் பின்னுக்கு நீட்டினார். அதில் மூன்று ரோல்ஸ்தான் மிச்சம். நான் அம்மாவின் தோளில் கை வைத்தேன். தொடுவது எனக்கு லேசு இல்லை. அன்று வைக்க வேண்டும் போல இருந்தது.

பின்னேரம் தொலைபேசி அடித்தது, சேவியர் அண்ணை. அம்மா எடுத்து, எங்களுக்கும் கேட்க விட்டார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. எங்கட மனேஜரையும் யென்ஸையும் சைவ சமயத்துக்கு மாத்திப்போட்டியளோ? பொடியள் எல்லாம் என்னட்டைக் கேக்கிறாங்கள், நான் மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன், எனக்கு என்ன தெரியும்?"

அம்மா கண்ணை மூடினார். ஒரு பொய் தேடுகிறார் என்று நினைத்தேன். அன்றைக்குப் பொய் சொல்லவும் அவருக்குத் தெம்பு இருக்கவில்லை.

"இல்லைச் சேவியர். பிள்ளைக்கு ஓட்டிசம். கண்ணைப் பாக்கமாட்டாள், பொட்டைப் பாப்பாள். அதுக்குத்தான் ஒட்டினனான்."

அப்பா ரீவியை நிறுத்தினார். இனி ஹேர்னிங் முழுக்கத் தெரிந்துவிடும் என்று மூன்று பேரும் நினைத்துக்கொண்டு நின்றோம்.

"அக்கா" என்றார் சேவியர் அண்ணை, குரல் இறங்கி. "என்ர சின்னவளும் ஒருதரையும் நிமிந்து பாக்கிறேல்லை. கோயிலில எல்லாரும் அடக்கமான பிள்ளை எண்டினம். நாங்களும் அப்பிடியே விட்டிட்டம்." பிறகு கேட்டார்: "அந்தப் பொட்டு எங்க வாங்கினனீங்கள்?"

அம்மா அன்று அவரோடு ஒரு மணி நேரம் கதைத்தார்.

முதலாம் திகதிக்கு நான்கு நாள் இருக்க கியர்ஸ்டன் எழுதினார். வாடிக்கையாளரோடு தொலைபேசியில் கதைக்க வேண்டியிருப்பதால் அந்த வேலையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் பட்டியலைத் திருத்த ஆறு மாதத்துக்கு என்னை எடுக்க யென்ஸ் கேட்டிருக்கிறார், கதவு உள்ள அறை, தொலைபேசி இல்லை. அடியில் ஒரு வரி: "அன்றைக்குப் பொட்டோடுதான் வீட்டுக்குப் போனேன். என் கணவர் இரவுச் சாப்பாடு முடியும்வரை ஒன்றும் கேட்கவில்லை." அப்பா போர்மனிடம் போய், மகளுக்கு மேசையில் இருந்து செய்யும் கந்தோர் வேலை என்று சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார் என்று பிறகு அறிந்தேன்.

அந்த ஆறு மாதம் இப்போது நான்காவது வருடத்தில் போகிறது. யென்ஸின் கணினித் திரையின் மேல் விளிம்பில் அந்தக் கறுப்புப் பொட்டு இருக்கிறது. என்னோடு ஏதும் முக்கியமாகக் கதைக்க வேண்டுமென்றால் எடுத்து ஒட்டிக்கொண்டு வருவார். பசை போய்விட்டது, கையால் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். வீட்டில் அப்பா ரீவியைப் பார்த்துக்கொண்டு அம்மா சொல்வதற்கு "ஓம் ஓம்" என்றால், அம்மா கைப்பையைத் தேடுவார். "பொட்டொண்டு வைக்கட்டோ?" என்பார். அப்பா உடனே ரீவியை நிறுத்துவார்.

போன மாதம் சேவியர் அண்ணையின் சின்னவளுக்கு முதல் நேர்முகம். போக முதல் எங்கள் வீட்டுக்கு வந்தாள். லாச்சியில் இருந்த என் கடிதத்தை அம்மா எடுத்துக் காட்டினார், பயப்படாதை, இது எங்கட வீட்டிலயும் கிடக்கு என்று. பிறகு ஒரு மட்டைப் பொட்டை அவளுடைய கையில் வைத்தார்.

அவள் அம்மாவின் பொட்டைப் பார்த்துக் கேட்டாள்: "ரெண்டு பேருக்கு மேல இருந்தா, மாமி?"

அம்மா கைப்பையைத் திறந்து இன்னொரு மட்டையை எடுத்துக் கொடுத்தார்.